கழுவாத பெட்டகம்

"ஐயோ, கழுவாதேங்கோ! அந்த ஊத்தையெல்லாம் எனக்கு வேணும்!"

ஜீப் நிற்பதற்கு முன்பே விமலேஸ்வரி அம்மாள் போட்ட சத்தத்தில் வீரகத்தியின் கையிலிருந்த தேங்காய்த் தும்பு கீழே விழுந்தது. கோழி எச்சம் காய்ந்துபோயிருந்த பெட்டகத்தை அப்போதுதான் முற்றத்துக்கு இழுத்து, ஒரு வாளித் தண்ணீரோடு உரஞ்சக் குந்தியிருந்தான் அவன்.

அம்மாள் ஒரு நீர்ப்பாசன இஞ்சினியரின் மனைவி. கணவர் வாய்க்கால் பார்க்கக் கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கு வரும்போதெல்லாம், அம்மாள் குடியேற்றத்திட்ட வீடுகளில் பழைய சாமான் பார்க்க வருவார். கொழும்புப் பெரிய மனிதர்களின் வீடுகளில் இப்போது புதுச்சாமான் வைத்திருந்தால் மதிக்கமாட்டார்களாம்.

"செட்டிகுளத்திலை ஒரு உரல் எடுத்தனான். இப்ப அதிலை குரோட்டன் செடி நிக்குது. வண்டில் சில்லு ஒண்டு, கண்ணாடி போட்டுத் தேத்தண்ணி மேசையாக்கியாச்சு," என்றார் அம்மாள்.

"அப்ப அந்த வண்டில்காரன் ஒரு சில்லோடை என்ன செய்யிறான், அம்மா?"

"மற்றச் சில்லும் என்னட்டைத்தான் கிடக்கு."

வீரகத்தி வாளியை ஒதுக்கி வைத்தான். கண்ணாடி வைத்த புது அலுமாரி ஒன்று தந்து இந்தப் பெட்டகத்தை எடுக்க அம்மாள் தயார் என்று இஞ்சினியருக்குக் கீழே வாய்க்கால் வேலை பார்க்கும் ஓவசியர் முதல்நாளே சொல்லியிருந்தார். முகம் பார்க்க ஒரு முழுக் கண்ணாடி வேண்டுமென்பது அவன் மனைவி இலட்சுமியின் பல வருட ஆசை. வாயைக் கொடுத்து அதைக் கெடுப்பானேன்?

அம்மாள் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு பெட்டகத்தின் முன்னால் முழந்தாளிட்டார். முகப்பில் கொடியும் கிளிகளுமாய்ச் செதுக்கி, சிவப்பும் பச்சையும் தீட்டியிருந்தது. பித்தளைக் குமிழ்கள் களிம்பு பிடித்துக் கிடந்தன.

"கைவேலை எண்டால் இதுதான்! இந்தக் கிளியின்ரை மூக்கு எவ்வளவு நுணுக்கமாய்த் தேஞ்சிருக்கு, பாருங்கோ."

அது போன மாசம் சேவல் கொத்தினது என்று சொல்ல வந்த வீரகத்தி, அலுமாரியை நினைத்து விழுங்கிக்கொண்டான்.

இலட்சுமி தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவள் பெட்டகத்தைப் பார்க்கவில்லை, அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாளோ கோப்பையை மட்டும் பார்த்து வாங்கி, ஒரு வாய் குடித்தார்.

"இஞ்சி கூடப் போட்டு, சீனி போடாமல்! எனக்கு இப்பிடித்தான் விருப்பமெண்டு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை, அம்மா."

அம்மாள் கைப்பையிலிருந்து சின்ன அட்டையொன்றை எடுத்தார். ஒவ்வொரு சாமானிலும் அதன் பூர்வீகத்தை எழுதித் தொங்கவிட்டால்தான் விருந்துக்கு வருகிறவர்கள் வாசித்து வியப்பார்களாம்.

"இது எப்பிடி உங்களிட்டை வந்தது?"

"இவள் கொண்டுவந்த சீதனம், அம்மா," என்றான் வீரகத்தி உற்சாகமாக. "வேலைக்கு நிண்ட வீட்டிலை குடுத்தது. அம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்திலை வீட்டுக்குள்ளை இடுப்பளவு தண்ணி. விதைநெல்லு இதுக்குள்ளை, பிள்ளையள் ரெண்டும் இதுக்கு மேலை. இவள் ராவும் பகலும் இதைப் பிடிச்சுக்கொண்டு தண்ணிக்கை நிண்டவள். ஒரு நெல்லு நனையேல்லை."

"வெள்ளக் கதை அட்டைக்குச் சரிவராது," என்றார் அம்மாள். "அந்த வீட்டுக்காரர் ஏன் இதைக் குடுத்தவை?"

"அங்கை ஒராளுக்குப் பிடிக்கேல்லை, அம்மா," என்றாள் இலட்சுமி.

"பிடிக்கேல்லையோ? இதையோ? எவ்வளவு மோட்டுச் சனமாய் இருக்கவேணும்!"

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. அப்ப சின்ன வயசு."

"சின்ன வயசெண்டால் கண் தெரியாதோ? ரசனை எண்டது பிறப்பிலை வாறது. அது இல்லாததுகளுக்கு என்னத்தைக் குடுத்தும் பிரயோசனமில்லை." அம்மாள் பேனையைத் திறந்தார். "ஆர் அது? பேரைச் சொல்லும், எழுதுவம்."

"பேர் வேண்டாம், அம்மா. சும்மா கொண்டு போங்கோ."

இலட்சுமி இப்படிப் பிடிவாதம் பிடித்து வீரகத்தி பார்த்ததில்லை. ஒரு பெயரைச் சொன்னால் அலுமாரி வீட்டுக்குள் வந்துவிடும். "சொல்லன், இலட்சுமி. அவைக்கு என்ன குறையப்போகுது?" என்று அவன் பல்லைக் கடித்தான்.

"பேரில்லாட்டி இது வெறும் பழம்பெட்டி," என்றார் அம்மாள். "இப்பிடியொரு சாமானை எறிஞ்ச ஆளைப் பற்றி எல்லாருக்கும் தெரியத்தான் வேணும். நாலு பேர் வாசிச்சுச் சிரிக்கட்டும்."

இலட்சுமி ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். அம்மாளோடு வந்து ஜீப்படியிலேயே நின்று சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்த இஞ்சினியரை ஒருதரம் பார்த்தாள். அவருக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல அம்மாளின் பக்கத்தில் போய்க் குந்தி, குரலைத் தாழ்த்தினாள்.

"கலியாணம் முடிஞ்ச அடுத்த நாள், 'இந்தப் பிரேதப் பெட்டியோடை நான் கொழும்புக்குப் போகமாட்டன்' எண்டு அழுது, இதை என்னட்டைத் தள்ளிவிட்டது நீங்கள்தான், விமலாப் பிள்ளை."