லேப்டாப்பின் நெற்றி

கேமராவைப் போட்டதும் திரையில் காயத்ரியின் முகம் வரவில்லை. பழுப்பாய் ஒரு மூட்டம் மட்டும் வந்தது.

மறுமுனையில் சென்னை ஆபீஸ் ஆட்கள் மூன்று பேர் காத்திருந்தார்கள். டீம் லீட் வேலை அவளுக்கா இல்லையா என்பது மதியம் மூன்று மணிக்குத் தொடங்கிய இந்த மீட்டிங்கில் முடிவாகிவிடும்.

வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் லீட் ஆகிறவர் தினமும் ஆபீஸுக்கு வர வேண்டுமாம். காயத்ரியோ கவரைப்பேட்டை வீட்டிலிருந்தேதான் பார்ப்பேன் என்கிறாள்.

போகத் தெரியாதவள் இல்லை. எட்டு மாதம் போய் வந்தவள்தான். பாசஞ்சர் ரயில், சென்ட்ரல், அங்கிருந்து இன்னொரு ரயில், அப்புறம் ஷேர் ஆட்டோ. தினமும் ஐந்து மணி நேரம் நின்றே தீர்ந்தது. வீட்டிலிருந்து பார்க்க ஆரம்பித்த பிறகுதான் மனுஷியானாள்.

ஆனால் வீட்டில் இருப்பவளை வேலையில் இருப்பவள் என்று யார் மதித்தார்கள்? மீட்டிங் நடுவில் கேஸ் சிலிண்டர் வரும். எதிர்வீட்டு முத்தம்மா ஏதாவது ஒரு ஃபாரத்தை நீட்டி, "சும்மாதான கீற, இத்த எழுதிக் குடு" என்பாள்.

அப்பா துளசிராமனுக்கும் அதே நினைப்புதான். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் பத்து வருடமாகப் பிரஸ் மெஷின் ஓட்டுகிறார். ஷூ மாட்டி, டேக் தொங்கவிட்டு, கம்பெனி பஸ் ஏறினால்தான் அவருக்கு அது வேலை. பஸ்ஸில் யாராவது பெண்ணைப் பற்றிக் கேட்டால், ஊட்லதான் கீது என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாராம்.

போன வருட ஆயுத பூசைக்குக் கிரைண்டருக்குப் பொட்டு வைத்தார். பைக்குக்கு வைத்தார். அரிவாளுக்கும் அம்மாவின் தையல் மெஷினுக்கும், ஏன், ஒரு ஸ்க்ரூ டிரைவருக்குக்கூட வைத்தார். லேப்டாப்பைத் தாண்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் வருடம் முழுக்க உறுத்தியது.

இன்றும் ஆயுத பூசைதான். அப்பாவுக்கு லீவு. வெளிநாட்டுக் கம்பெனிக்குச் செய்கிற வேலை என்பதால் அவளுக்கு லீவு இல்லை. அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு ஓடிவந்து, கதவைத் தாழிட்டு, எதையும் பார்க்காமல் மீட்டிங்கில் நுழைந்திருந்தாள்.

கேமரா ரிப்பேரா என்று மேனேஜர் ரம்யா கேட்டாள்.

காயத்ரி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

திரையின் மேல் விளிம்பில், சரியாக நடுவில், கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம். அதன் மேல் குங்குமம். பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம். நேற்று பூசை முடிந்து கம்பெனியில் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்த பொரி பாக்கெட், பிரிக்காமல். அவள் சாப்பிடப் போன கால் மணி நேரத்தில் நடந்திருக்கிறது.

எந்த மெஷினுக்கும் நெற்றி எங்கே என்று அப்பாவுக்குத் தெரியும். தேடிப் பார்த்து நெற்றியில்தான் வைத்திருக்கிறார். அங்கே கேமரா இருக்கும் என்று அவர் கண்டாரா?

துடைக்கத் துணியை எடுத்தாள். மனசு வரவில்லை.

போனில் அதே மீட்டிங்கைத் திறந்து, அதன் கேமராவை லேப்டாப்பின் பக்கம் திருப்பினாள்.

"சந்தனம் மேடம். வேலை நடக்கிற எடத்துக்குத்தான இன்னிக்குப் பூசை. எங்கப்பா என் ஆபீஸுக்கும் போட்டுட்டாரு."

குரல் பெருமையில் கொஞ்சம் உயர்ந்தது.

ரம்யா சிரித்துவிட்டாள். மற்ற இரண்டு பேர் சிரிக்கவில்லை. அரை மணி நேரம் குடைந்து குடைந்து கேட்டார்கள். போனை லேப்டாப் மேல் சாய்த்து வைத்துவிட்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில், ஒன்றாம் தேதியிலிருந்து நீதான் லீட், மாதம் ஒருமுறை வந்து முகம் காட்டினால் போதும் என்று முடித்தார்கள்.

காயத்ரி கதவுக்கு ஓடினாள். முதலில் அப்பாவிடம்தான் சொல்ல வேண்டும். தாழ்ப்பாளில் கை வைத்தபோது வெளியே யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

முத்தம்மாவின் குரல் கேட்டது. ஃபாரத்தோடு வந்திருப்பாள். அப்பா கதவை மறித்து உட்கார்ந்திருப்பார் போல. குரலை நன்றாக அடக்கிக்கொண்டு பேசினார்.

"காயத்ரி ஊட்ல இல்லக்கா. ஆபீஸ் போய்க்கீது. ஆறு மணிக்குத்தான் வரும்."

மணி மூன்று நாற்பது.

காயத்ரி தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள். சத்தம் வராமல் திரும்பிப் போய் ஆபீஸில் உட்கார்ந்தாள்.