எழுதியவர்: குணசேகரன்

"திருட்டு மனுசன்! என் ஆய்வ அப்டியே அவர் பேர்ல போட்டுக்கினாரு, பாருடி!"

சங்கமித்ரா நீட்டிய போனை தஸ்னீம் வாங்கிப் பார்த்தாள். எண்ணூரில் ஓர் ஆலை. அதன் லேபில் இருவரும் கான்ட்ராக்ட் கெமிஸ்டுகள்.

தமிழ்நாடு முழுக்க அறுநூறு கெமிஸ்டுகளுக்குத் திங்கட்கிழமை தோறும் ஒரு மின்மடல் போகும். புது ஆய்வு, கட்டுரை, புத்தக விமர்சனம் எல்லாம் அதில் வரும். தொகுத்து அனுப்புகிறவர் இவர்களுடைய லேப் சீஃப் குணசேகரன். புத்தக விமர்சனத்தைத் தாண்டி ஒரு வரி எழுதியதில்லை. வம்பே வேண்டாம் என்று ஒதுங்கிப் போகிறவர்.

இன்று முதல் பக்கத்திலேயே, 'ஆலைக் கழிவுநீரில் ஈயம்: ஆறு மாத ஆய்வு'. எழுதியவர்: குணசேகரன்.

"ஆறு மாசம்டி! மாசாமாசம் கழிவுக் குழாயில தண்ணி புடிச்சி, டிபன் பேக்ல மறைச்சி எடுத்தாந்து டெஸ்ட் பண்ணது நானு. மடல்ல போடச் சொல்லி சனிக்கெழம அவருக்கு அனுப்பிட்டு ரெண்டு நாளா சோறு எறங்கல. வூட்டாண்ட எந்த வண்டி வந்து நின்னாலும் போலீஸோன்னு ஓடிப்போயி எட்டிப் பாக்கறேன். பயந்து சாவறது நானு, பேரு அவருக்கா?"

"மெதுவா பேசுடி. ஆரு காதுலயாவது வுழுந்தா பேஜாராயிடும்."

"வுழட்டும்! மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டு வரேன்."

குணசேகரன் அறை காலியாக இருந்தது. மேனேஜர் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னார்கள். சங்கமித்ரா மேனேஜர் அறை வாசலில் போய் நின்றாள். உள்ளே போட்ட சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது.

"ரிட்டயராக எட்டு மாசம்தானே இருக்கு? எதுக்குய்யா உனக்கு இந்த வேலை?"

மேனேஜர் மேஜையைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"நீ தனியா பண்ணியிருக்க முடியாது. யார் தண்ணி எடுத்துக் குடுத்தது? பேரச் சொல்லு. இன்னிக்கே போலீஸ்ல குடுக்கறேன்!"

தம்பி காலேஜ், அம்மா மருந்து, எம்.கே.பி. நகர் வீட்டு வாடகை எல்லாமே சங்கமித்ராவின் சம்பளம்தான். உள்ளே போய் 'நான்தான் சார்' என்று சொல்ல வேண்டும். கால் நகரமாட்டேன் என்றது. ஐந்து நிமிஷம் முன்னால் பேருக்காகக் கத்தியவள், ஐயோ, என் பேரு அவர் வாயில் வந்துடக்கூடாதே என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாரும் இல்ல சார். நான் ஒருத்தன்தான். மடல்லயே பேர் இருக்குதே, பாக்கலியா?"

"கார்ட வெச்சிட்டுக் கெளம்பு. இனிமே கேட்டுக்குள்ள கால் வெக்காத!"

கதவு திறந்தது. குணசேகரன் வெளியே வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. கழுத்தில் ஐ.டி. கார்டு இல்லை.

"சார்... நான் வந்து..."

"பயப்படாதம்மா. எனக்கும் ஒதறலாத்தான் கீது." இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆறு மாசமா பாத்துக்கினுதான் கீறேன், உன் டிபன் பேக்ல பாட்டில் மூடி ஒழுவுது. வேற வாங்கிக்கோ. ஏழாவது மாசத் தண்ணி புடிக்க, உள்ள ஒரு ஆளு வோணும் இல்ல?"