சிவப்புப் புள்ளிகள்

அநியாயம் நடந்தது பெண் எலிகளுக்கு. அதைத் தட்டிக் கேட்டதால் ஆராய்ச்சி மாணவிக்கும்.

“பெண் எலிங்களை ஆய்வுலேர்ந்தே எடுத்துடு. இன்னைக்கே!” என்றார் பேராசிரியர்.

“ரெண்டு வருஷ உழைப்பு சார்!”

“அதுக்கு நான் என்ன பண்றது? பதற்றத்துல மூளைக்குள்ள என்ன சுரக்குதுன்னு பார்க்கத்தானே ஆய்வு? பெண் எலிக்கு நாளுக்கு ஒரு சுரப்பு, வேளைக்கு ஒரு குணம். எந்தக் கணக்குலயும் நிக்காது.”

“பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிடுறதுல பொம்பளைங்கதான் சார் அதிகம். அந்த மாத்திரையை ஆண் எலியை மட்டும் பார்த்துட்டு எப்படி...”

“ஆரம்பிச்சிட்டியா? உன் எலி மாதிரியே நீயும் படபடங்கிற.”

படபடத்தது அவர்தான். மேசையில் அவர் அடித்த அடியில் காபிக் கோப்பை துள்ளியது. சீனியர் மாணவன் தாவிப் பிடித்தான். அவனுக்குப் பழக்கம்.

“ஏன்டா, நீயே சொல்லு.”

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்.”

அவனுக்கு அதுவும் பழக்கம்.

“எங்கே, முடிவைக் காட்டு. நீயே கண்ணால பார்த்துக்கோ.”

மாணவி கணினியைப் பேராசிரியர் பக்கம் திருப்பினாள். அவர் அவசரப்படுத்தியதில், எந்த நிறம் எந்த எலி என்று அவள் இன்னும் குறிக்கவில்லை. ஓர் எலிக்கு ஒரு புள்ளி. நீலப் புள்ளிகள் ஒரே இடத்தில் அப்பிக்கொண்டிருந்தன. சிவப்பு, திரை முழுக்கச் சிதறிக் கிடந்தது.

“நான் சொல்லலை? சிவப்பைப் பாரு! அவுத்துவிட்ட நெல்லிக்காய் மூட்டை! இதை வெச்சுக்கிட்டு என்னத்தைக் கிழிக்கிறது? தூக்கிக் குப்பைல போடு.”

அவள் திரையைத் தொட்டுக் காட்டினாள்.

“சார், சிவப்பு பெண் எலின்னு நான் சொன்னேனா?”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார்.

“இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?” நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “அப்படின்னா இது சிதறல் இல்லைம்மா. ஒரே நெருக்கடி, ஒவ்வொண்ணும் தன் வழியில சமாளிக்குது! இந்த மூளைல எவ்வளவு நுணுக்கம் பாரு!”

“நானும் அதான் சார் நெனச்சேன்,” என்றான் சீனியர்.

“அப்போ நீலம் சார்?”

“மந்தம். எல்லாம் ஒரே அச்சு. அதுல பார்க்க என்ன இருக்கு? ஆய்வு மொத்தமும் சிவப்பை வெச்சுத்தான். ஆய்வுக் குழுவுக்கு இப்பவே மெயில் எழுது, நான் சொல்றேன்.”

அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். ‘சிவப்புப் பிரிவே இந்த ஆய்வின் உயிர்.’ அனுப்பும் பொத்தானை அவரே அழுத்தினார்.

“இப்பவாவது புரிஞ்சுதா, பெண் எலியை ஏன் எடுக்கச் சொன்னேன்னு?”

“நல்லா புரிஞ்சுது சார். சிவப்பு பெண் எலின்னு நான் சொல்லலைதான். ஆனா, அது பெண் எலிதான் சார்.”