நாற்காலி வந்த காலை

எங்கள் ஹோட்டல் வரவேற்பில் நின்றபடிதான் வேலை பார்க்க வேண்டும். யார் வேலையை விடப்போகிறார் என்று எங்களைக் கண்காணிக்கும் இயந்திரம் கணிக்கிறதோ, அவரைத் தக்கவைக்க அவருக்கு மட்டும் மறுநாள் நாற்காலி வரும். ஒன்பது வருடமாக எனக்கு வந்ததில்லை.

"விட்டுட்டுப் போறேன்னு மனசார நினைங்க, செல்வமலர்க்கா. குதிகாலாவது தப்பிக்கும்," என்று, எந்நேரமும் வேலையை விடும் நினைப்பிலேயே இருந்து வாங்கிய தன் நாற்காலியில் இருந்தபடி, உடன் வேலை பார்க்கும் ரெஹானா கேலி செய்வாள். எனக்கு அப்படி நினைக்க வராது. இந்த வேலை பிடித்திருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன், என்னிடமும்.

இன்று காலை மேலாளர் என் பின்னால் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். "உட்காருங்கம்மா," என்றார், இதுவரை நான் கேட்டிராத கனிவோடு.

உட்கார்ந்தேன். கால்கள் இவ்வளவு நாளும் வலித்துக்கொண்டிருந்தது புரிந்தது.

"அக்கா! போறேன்னு எங்கிட்டகூடச் சொல்லலையே?" என்றாள் ரெஹானா.

"எனக்கே இப்பத்தாண்டி தெரியுது."