சிவப்புக் கோடு டயர்

"அந்த வீல் உங்க காருக்கு ஆகாது சார்" என்றார் ஹார்லன். சந்தையில் வெர்னா போட்டிருந்த கடை வாசலிலேயே மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

வீலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். "ஏன்?"

"உங்க கார் எந்த மாசம் ஃபேக்டரியை விட்டு வெளியே வந்துச்சு?"

"அறுபத்தொன்பது, மார்ச்."

"வீல்ல குத்தியிருக்கிற தேதியைப் பாருங்க. ஜூன். பிள்ளை பிறந்து மூணு மாசம் கழிச்சா கால் முளைக்கும்? பழைய கார்ப் போட்டியில நடுவர் முதல்ல குனிஞ்சு பார்க்கிறதே இதைத்தான்."

அவர் வீலை இறக்கி வைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

வெர்னா உதட்டைக் கடித்துக்கொண்டார். நாலு வீல்கள். பளபளவென்று குரோம் வளையம், டயரைச் சுற்றி மெல்லிய சிவப்புக் கோடு. கணவர் ஆசையாக வாங்கிவிட்டு, ஒரு நாள்கூட ஓட்டாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். கார் விற்றாகிவிட்டது. திங்கட்கிழமை வெர்னாவும் அரிசோனாவில் மகள் வீட்டுக்குக் குடிபோகிறார். ஓஹையோவின் அந்தச் சின்ன ஊரில் பழைய கார்ச் சந்தை வருஷத்துக்கு ஒரு நாள்தான். இன்றைக்கு விற்றால்தான் உண்டு.

அடுத்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள்.

"அடடா, சிவப்புக் கோடு!" என்றான் கணவன்.

"அழகுதான்" என்றார் ஹார்லன். "ஆனா வாரா வாரம் முட்டி போட்டு பிரஷ்ஷால தேய்க்கணும். இல்லேன்னா கோடு பழுப்பாயிடும். வீட்டுல யாரு தேய்ப்பீங்க?"

"போன மாசம் வாங்கின நாய்க்குட்டியையே நான்தான் குளிப்பாட்டறேன். வாங்க போகலாம்" என்று மனைவி இழுத்துக்கொண்டு போனாள்.

வெர்னா சாக்கட்டியை எடுத்து, பலகையில் ஆயிரத்து இருநூறு டாலரை அடித்துவிட்டு ஆயிரம் என்று எழுதினார். மத்தியானம் எண்ணூறு ஆனது. மூன்று மணிக்கு அறுநூறு.

பக்கத்துக் கடை கஸ்ஸுக்குப் பொறுக்கவில்லை. அவனும் வீல் விற்கிறவன்தான்.

"யோவ் பெரிசு, உனக்கு வேற வேலையே இல்லையா? பாவம், வெர்னாம்மா தனியா நின்னு விற்கிறாங்க. வர்றவனையெல்லாம் விரட்டறியே!"

"நான் சொன்னதுல எது பொய்?"

"எதுவும் பொய் இல்லய்யா. அதனாலதான் வயிறு எரியுது! விலை தரையைத் தொட்டதும் நீயே அள்ளிட்டுப் போகலாம்னு பார்க்கிறே. அதானே?"

ஹார்லன் வறுத்த வெங்காய வளையத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

சந்தை முடிய அரை மணி இருக்கும்போது உள்ளூர்ப் பெண் டெஸ்ஸா ஓடி வந்தாள். பேக்கரி ஷிஃப்ட் முடிந்து நேராக வருகிறாள், காதோரம் மாவு. வெர்னாவைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு கஸ்ஸின் கடைக்குப் போனாள்.

"நாலு கறுப்பு வீல் வேணும். டயர் தேய்ஞ்சிருந்தாலும் பரவாயில்ல. மூணு வருஷமா உயிரைக் குடுத்து என் பழைய நோவா காருக்கு இன்ஜின் மாட்டிட்டேன். வீல் இல்லாம வண்டி மரக்கட்டை மேல நிக்குது. நாளைக்கு கார் ஊர்வலத்துல ஓட்டியே ஆகணும்."

கேட்டது கறுப்பு வீல். கண் போனது சிவப்புக் கோட்டுக்கு.

"அதைத்தான் கேட்டுப் பாரேன்" என்றான் கஸ்.

"அது எனக்குக் கட்டுப்படியாகாது" என்றவள், பலகையைப் பார்த்தாள். நாலு தடவை அடித்து, கடைசியாக நானூறு என்று எழுதியிருந்தது.

டெஸ்ஸாவின் முகம் மாறியது. "வெர்னாம்மா, நான் வருவேன்னு தெரிஞ்சு குறைச்சீங்களா? அப்படின்னா சத்தியமா எனக்கு வேண்டாம்."

"உனக்காகவா?" கஸ் கொதித்துவிட்டான். "நல்லா கேட்டே போ! காலையிலேர்ந்து இந்தப் பெரிசு உட்கார்ந்து எட்டு பேரைத் துரத்திவிட்டிருக்கு. ஒருத்தன் வாங்கல. நான் கண்ணால பார்த்தேன்."

டெஸ்ஸா ஹார்லனைப் பார்த்தாள்.

"வீல் ஜூன் மாசத்தது. போட்டியில ஒரு பரிசும் வராது" என்றார் அவர், இறுக்கமாக.

"பரிசு யாருக்கு வேணும்? எனக்கு ஓடணும்!"

பணத்தைக் கொடுத்தாள். நாலு வீல்களையும் ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு போனாள். கடைசி வீலை உருட்டும்போது ஆடிக்கொண்டே போனாள்.

அவள் மறைந்ததும் கஸ் ஹார்லன் பக்கம் திரும்பினான். "இப்ப திருப்தியா? ஆயிரத்து இருநூறு போக வேண்டியது..."

"அவரைத் திட்டாதே கஸ்" என்றார் வெர்னா. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "உட்கார வெச்சதே நான்தான். என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையா கிடந்த ரெண்டு பனிக்காலமும், அந்தப் பொண்ணு விடியறதுக்குள்ள வந்து எங்க வாசல் பனியைத் தள்ளிட்டுப் போவா. கூலி குடுத்தா கையாலகூடத் தொட மாட்டா. இந்த வீலை எடுத்துட்டுப் போடீன்னு எத்தனை தடவை சொன்னேன்! கேட்கல."

கஸ் வாயைப் பிளந்தான். "அட, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்படிடா சொல்றது?" என்றார் வெர்னா. "நீ சொன்னாத்தான் அவ நம்புவா. உனக்குத்தான் பொய்யே சொல்ல வராதே!"