கடலுக்கு ஒரு துண்டு

எட்டு வருடங்களுக்கு முன் செத்துப்போன கணவன் பக்கத்து மேசையில் சுஷி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். யூஜினிக்கு அப்படித்தான் பட்டது.

அங்கே இருந்தது ஆறு வயதுச் சிறுமி. சுஷித் துண்டைத் தலைகீழாகப் புரட்டி, மீன் பக்கத்தை மட்டும் சோயாவில் தொட்டாள். மீன்முட்டை வைத்த துண்டைப் புரட்டவில்லை. இஞ்சிச் சீவலைத் தூரிகை போலப் பிடித்து அதன்மேல் சோயாவைத் தடவினாள்.

றூபன் ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் யப்பானிய உணவகம் ஒன்றில் மீன் வெட்டியவன். "சோயாவில சோறு படக்கூடாதப்பா, உதிர்ந்துபோகும்" என்று கல்யாணமான முதல் கிழமையே அவளுக்கும் பழக்கியிருந்தான்.

முறை தெரிந்த எவரும் இப்படித்தான் சாப்பிடுவார்கள் என்று யூஜினி தன்னைத் தேற்றிக்கொண்டாள். ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த இடத்தில் இதென்ன பயம்?

அப்போது சிறுமி கடைசித் துண்டைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள். சொப்ஸ்ரிக் குச்சியின் நுனியால் அதன்மேல் காற்றில் ஒரு சிலுவை போட்டாள். "கடலுக்கு" என்று முணுமுணுத்தாள்.

யூஜினியின் முதுகு சில்லிட்டது. மன்னார்க் கடலோடு போன தகப்பனை நினைத்து றூபன் ஒவ்வொரு முறையும் செய்தது அது. சொன்ன சொல்லும் அதே சொல்.

சிம்கோ ஏரிக்கு மீன் பிடிக்கப் போன றூபனின் படகு மட்டும்தான் கரை ஒதுங்கியது. வருடம் தவறாமல் அவனுடைய ஆன்மாவுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கிறாள். அமைதி கிடைக்காத அந்த ஆன்மா இந்தப் பிஞ்சுக்குள்ளா வந்து இருக்கிறது?

கால்கள் தாமாகவே எழுந்து போயின. மேசையில் மூன்று தேநீர்க் கோப்பைகளும், சிறுமிக்கு எதிரே ஒரு பெண்ணும்.

"பிள்ளை, உது ஆர் உங்களுக்குப் பழக்கினது?"

"டாடி. அவர் ஓல்வேய்ஸ் இப்பிடித்தான்."

தாய் சிரித்தாள். "இவரின்ர அப்பா கடலில மோசம்போனவராம் அக்கா. அதுதான் ஒரு துண்டு விடுறவர். நாங்கள் எட்மன்ரன். ரொறன்ரோவுக்கு வரவே மாட்டன் எண்டு நிண்ட மனிசன். தங்கச்சியின்ர கலியாணத்துக்கெண்டு நான்தான் இழுத்துக்கொண்டு வந்தனான்."

"அவற்ற பேர்?"

"கிருபன்."

யூஜினிக்கு மூச்சு திரும்பி வந்தது. மன்னார்க் கரையில் எத்தனை வீடுகள், கடலுக்குத் தகப்பனைக் கொடுத்த எத்தனை பிள்ளைகள்! றூபன் ஒருவன் மட்டுமா இப்படிச் செய்திருப்பான்?

வெட்கமாகப் போய்விட்டது. "குறை நினையாதேங்கோ தங்கச்சி. செத்துப்போன என்ர மனிசனும் இப்பிடித்தான்..." சிறுமியின் தலையைத் தடவினாள். எட்டு வருடங்களில் முதல் தடவையாக, அவன் எங்கோ நிம்மதியாக இருக்கிறான் என்று தோன்றியது.

கதவு திறந்து குளிர்காற்று உள்ளே அடித்தது. யாரோ நடந்து வந்து அவளுக்குப் பின்னால் நின்றார்கள். சவரக் களிம்பின் வாசம். அதற்கடியில், அவளுக்கு மட்டுமே தெரிந்த வியர்வை வாசம்.

திரும்பத் துணிவில்லை. காதருகே குரல் மெல்லக் கேட்டது.

"யூஜினி, பிள்ளைக்கு முன்னால வேண்டாம்."