கப்பல் கொப்பி

எஞ்சின் கதை சொல்ல எனக்குப் பயம். ஒரு பாகத்தின் பெயரை மாற்றிச் சொன்னாலும் என் கணவர் ஜபார் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ரஸாக் நானா, ஏதோ ஒரு வெளிநாட்டுக் கடற்படைக்குச் சாமான் ஏற்றும் கப்பலில் வேலை பார்த்தவர். கப்பலை உடைக்கக் கொடுத்தபோது, அதிலிருந்த சின்னப் படகின் எஞ்சினை ஊருக்குக் கொண்டுவந்தார். கூடவே ஒரு பெட்டி உதிரிப்பாகம், ஒவ்வொரு சேர்விஸையும் திகதி போட்டு எழுதிவைக்கும் ஒரு தடித்த கொப்பி. எல்லாவற்றையும் என் கணவர் வாங்கி, எஞ்சினை எங்கள் படகில் பூட்டிவிட்டார்.

பள்ளிவாசல்துறையில் அந்தக் கொப்பியைப் பார்க்காத ஆள் இல்லை. மீன் வாங்க வந்தவர்களுக்கும் விரித்துக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை, களப்புத் தண்ணீருக்கு அக்கரையில் உள்ள உச்சமுனையில் என் தங்கச்சி மகளுக்கு நிக்காஹ். அந்த எஞ்சினில்தான் குடும்பத்தோடு போவதாம். எனக்கு நீந்தத் தெரியாது.

"நடுக் களப்பில எஞ்சின் நிண்டா என்ன செய்யிற?"

"கடற்படைச் சாமான் புள்ள. கிழமைக்கொருக்கா சேர்விஸ். கொப்பியப் பாரு, உன்ட கிளினிக் கொப்பி மாதிரி எவ்வளவு வடிவா இருக்கு."

எனக்குச் சீனி வருத்தம். வீட்டில் ஒவ்வொரு நாளும் விரலில் குத்தி இரத்தத்தில் சீனி பார்த்து எழுதிக்கொண்டு போகவேண்டும். கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி என் கொப்பியைத் தூக்கி மற்றவர்களுக்குக் காட்டியிருக்கிறார்.

கப்பல் கொப்பியைப் புரட்டினேன். இங்கிலீஷ் விளங்காது. திகதி விளங்கும், பேனை விளங்கும். மூன்று மாதம் ஒரே நீலம். அடுத்த மூன்று மாதம் ஒரே கறுப்பு. ஓரிடத்திலும் எண்ணெய் விரல் பட்டிருக்கவில்லை.

"இது கிழமைக்குக் கிழமை எழுதினதில்ல. ஒரே இருப்பில எழுதினது," என்றேன்.

"அஞ்சாம் வகுப்பு, கடற்படையச் சோதிக்குது," என்றார்.

கொப்பியைத் தூக்கிக்கொண்டு ரஸாக் நானா வீட்டுக்கு நடந்தேன். நான் மூக்குடைபடுவதைப் பார்க்க இவரும் பின்னால் வந்தார்.

நானா கப்பல் ஒழுங்கு, கட்டுப்பாடு என்று நெடுநேரம் சொன்னார். நான் ஒரு பக்கத்தை விரித்தேன்.

"பெப்ரவரி முப்பதாம் திகதியும் சேர்விஸ் செய்தீங்களா நானா?"

அவர் தலையைச் சொறிந்தார்.

"சோதிக்கிறவர் வாற அண்டைக்குக் காலையில எழுதுறதுதான், தங்கச்சி."

எஞ்சினைக் கழற்றினார்கள். தண்ணீர் இழுத்து எஞ்சினைக் குளிரவைக்கும் றப்பர்ச் சில்லு துண்டு துண்டாக வெடித்திருந்தது. மாற்றுச் சில்லு பெட்டிக்குள் உறைகூடக் கிழியாமல் கிடந்தது. நானாவே அதைப் பூட்டித் தந்தார்.

இப்போது இவருடைய பெருமை வேறு. கடற்படையின் கள்ளத்தைப் பிடித்த பொஞ்சாதியாம் நான்.

"பேனையப் பார்த்து எப்படிப் புள்ள கண்டுபிடிச்ச?"

"அல்லாஹ் தந்த புத்தி," என்றேன்.

செவ்வாய்க்கிழமை கிளினிக். அலுமாரியிலிருந்து என் கொப்பியை எடுத்தேன். நூற்றுப்பத்து, நூற்றுப்பன்னிரண்டு, நூற்றெட்டு. மாதம் முழுக்க ஒரே நீலம்.

முதலில் வேறு பேனை தேடினேன்.

பிறகு, மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய சீனி பார்க்கும் மெஷினை எடுத்து, ஒரு வருடமாகக் கிழிக்காத உறையைக் கிழித்து, விரலை நீட்டினேன்.